வெள்ளை வளையம்

பிப்ரவரி 4, புதன்

புவியியல் நோட்டில் பதினாறு பக்கம்தான் எழுதியிருந்தேன். மீதி காலியாகக் கிடந்தது. அம்மா அதைக் கிழித்து அடுப்பு மூட்டப் போனாள். பிடுங்கிக்கொண்டேன். இனி தினமும் இதில் எழுதப் போகிறேன். தினமும் என்றால், தோன்றுகிற தினமெல்லாம்.

பெயர் முப்பிடாதி. வயது பதினாறு. ஆவுடை அத்தையின் மரம் கடைகிற கடசல் பட்டறையில் வேலை. நான்கு மோட்டார், பதினான்கு பேர். குழந்தைகள் விளையாடுகிற மரச்சொப்பு செய்கிறோம். பானை, குடம், அடுப்பு, அம்மி, ஆட்டுரல், எல்லாம் கட்டைவிரல் உயரத்தில். அரக்குப் பூசிய சொப்பைத் தாழை ஓலையால் தேய்த்து மினுக்குவது என் வேலை. மோட்டார் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை.

பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் வயிற்று வலி என்று சொல்வேன். பொய்யில்லை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்ன அன்று மதியம் வந்தது. பிறகு பள்ளிக்கூட மணி அடித்தாலே வந்தது. பட்டறையில் மணி கிடையாது.

பிப்ரவரி 6, வெள்ளி

அத்தை மதியம் எல்லா மோட்டாரையும் நிறுத்தச் சொன்னாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தோம். பார்த்தால் நல்ல செய்தி. பாலர் பள்ளிகளுக்கு மூவாயிரம் பெட்டி சொப்பு கேட்டிருக்கிறார்களாம்.

“இம்புட்டு நாளு ஆளு இருக்கு, வேலை இல்லம்பாவ. இப்ப வேலை இருக்கு, ஆளு இருக்கு. மரந்தான் வேணும்” என்றாள் அத்தை. “அதுவும் வந்தாச்சி. ஏழு வருசம் முடிஞ்சாச்சில்ல!”

ஏழு வருடக் கதையைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். எங்கள் சொப்புக்கு வெட்பாலை மரம்தான் சரி. வெள்ளையாக, மாவு மாதிரி இருக்கும், உளி வழுக்கிக்கொண்டு போகும். முன்பெல்லாம் மலையிலிருந்து வந்ததாம். வெட்டி வெட்டி மலையில் தீர்ந்தது. பிறகு அங்கே வெட்டவே கூடாது என்று சட்டம் வந்தது. அப்போது அத்தை குருவிப்பொத்தைக் குன்றின் அடிவாரத்துக்குப் போனாள். அங்கே பதினோரு வீட்டுக்காரர்களுக்குக் கல்லும் சரளையுமாக நிலம். கன்று நாங்கள் தருகிறோம், குழி நாங்கள் தோண்டுகிறோம், தண்ணீர் நீங்கள் ஊற்றுங்கள், மரம் உங்களுடையது, ஆனால் எங்களுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று பேசி முடித்தாள்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் முக்கியம். முடிச்சுப் போட்ட அளவுக் கயிற்றின் சுற்றளவுக்கு வராத மரத்தைத் தொடக்கூடாது. வெட்டினால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, சாய்த்து வெட்டவேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் வழிந்தோடி அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஒவ்வொரு வீட்டுக்காரர் காட்டிலும் மூன்று தாய்மரம் விதைக்காக நிற்கவேண்டும், அதில் கோடாலி படவே கூடாது. தாய்மரத்தில் அவர்கள் சிவப்புத் துணி கட்டுவார்கள். வெட்டுகிற மரத்தில் நாங்கள் வெள்ளைப் பெயிண்டால் வளையம் போடுவோம்.

இதுதான் முதல் வெட்டு.

பிப்ரவரி 7, சனி

வளையம் போடப் போவது நான்.

அத்தை சொன்னபோது தலையாட்டிவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாய் திறக்கவேண்டுமே.

“காட்டுல யார்ட்டயும் பேச வேண்டாம் முப்பி. மரமும் நீயுந்தான்” என்றார் மாசானம் மாமா. மரம் வெட்டுவது அவர்தான். கோடாலியைப் பெற்ற பிள்ளை மாதிரி தோளில் சாய்த்து வைத்திருப்பார். பாடிக்கொண்டே வெட்டுவார். கேட்கச் சகிக்காமல் மரம் தானாக விழுந்துவிடும் என்பாள் அத்தை.

பிப்ரவரி 9, திங்கள்

வெயிலுகந்தான் அண்ணாச்சியின் மீசை அவர் முகத்துக்கு ஒரு சுற்றுப் பெரிது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. பேசும்போது உதடு தெரியாது, மீசை மட்டும் அசையும். நிலத்துக்காரர் பதினோரு வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவர்தான். காலையில் பொத்தை வழியில் எதிரே வந்தார். “வளையம் போட வந்தியாம்மா? போடு, போடு. இனி வெட்டி முடியுத வரைக்கும் நாங்க அந்தப் பக்கம் வரமாட்டோம்” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். வளர்த்தவர் கண் முன்னால் மரத்தை வெட்டக்கூடாது என்று ஒரு வழக்கம். அழுதுவிடுவார்களோ என்னவோ.

முதலில் அண்ணாச்சி காடு, அவர் தம்பிமார் இரண்டு பேருடைய காடு. மூன்றும் ஒட்டி ஒட்டி இருக்கிறது. கயிற்றைச் சுற்றிப் பார்த்து, முடிச்சு வரை வந்தால் ஒரு வளையம். நூற்றுப் பத்து மரம் போட்டேன். கையெல்லாம் பெயிண்ட்.

சில மரங்களில் ஏற்கெனவே வெள்ளை வளையம் இருந்தது. ஒன்பது மரம். எல்லாம் நல்ல பருமன். பெயிண்ட் மாதிரி மினுங்கவில்லை. தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன், சுண்ணாம்பு. சிவப்புத் துணி ஒரு மரத்திலும் இல்லை. அண்ணாச்சி வீட்டில் கேட்டுவிடலாம் என்று வாசல் வரை போனேன். உள்ளே நாலைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனால் பேச்சு நின்றுபோகும், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். திரும்பிவிட்டேன். வெள்ளை என்றால் வெள்ளைதானே. யாரோ நமக்கு வேலையைக் குறைத்திருக்கிறார்கள். துணி பிறகு கட்டுவார்களாயிருக்கும்.

பிப்ரவரி 12, வியாழன்

மூன்று காட்டிலும் வெட்டு முடிந்தது. வெட்பாலைக்கு ஒரு குணம். வெட்டின அன்றே பட்டை உரிக்காவிட்டால் உள்ளே நீலம் பாய்ந்துவிடும், சொப்புக்கு ஆகாது. அதனால் மாமா வெட்ட வெட்ட நாங்கள் உரித்தோம். பால் பிசுபிசுவென்று கையெல்லாம். பட்டையை அங்கேயே குவித்துக் கொளுத்திவிட்டு, உரித்த கட்டையை டிராக்டரில் ஏற்றினோம். எலும்பு மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தது.

பெரிய மரங்களின் உச்சிக் கிளைகளில் காய் நிறைய. இரண்டு நீளக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. அதையும் தீயில் போடப் போனார்கள். நான் சாக்கில் அள்ளிக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. அம்மா இலையை ஒரு பை பறித்துக்கொண்டாள். தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துத் தோல் மருந்து செய்வாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

காலை ஏழு மணிக்குப் பட்டறை வாசலில் வெயிலுகந்தான் அண்ணாச்சி, தம்பிமார் இரண்டு பேர், இன்னும் ஆறேழு பேர். அண்ணாச்சியின் மீசை நடுங்கியது.

“எம்மா ஆவுடை, தாய்மரம் ஒம்பதையும் சாய்ச்சிட்டியளே!”

அத்தை பல் விளக்கிக்கொண்டிருந்தாள். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

“செவப்புத் துணி கட்டுன மரத்த வெட்டக்கூடாதுன்னு உங்க ஆளுக்குத் தெரியாதா?”

மாசானம் மாமா முன்னால் வந்தார். “நான் செவப்புத் துணிய பாக்கவே இல்லண்ணாச்சி. வெள்ள வளையந்தான் பாத்தேன். வெள்ள இருந்ததத்தான் வெட்டுனேன்.”

“தாய்மரத்துல எப்பிடிய்யா வெள்ள வளையம் வரும்? பொங்கலுக்கு மறுநாளு எங் கையால துணி கட்டிருக்கேன். உமக்குக் கண்ணு தெரியுதா, தெரியலயா?”

மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டார். அத்தை என் பக்கம் திரும்பி, “முப்பி, நீ வளையத்தச் சரியாத்தான போட்ட?” என்றாள். தலையாட்டினேன். நான் பெயிண்ட் போட்ட மரத்தில் ஒன்றுகூடத் தாய்மரம் இல்லை. அது உண்மை.

மரத்தின் பட்டை எல்லாம் சாம்பலாகிவிட்டது. போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

“விதைக்கு ஒரு காய் இல்ல. பேச்சு முறிஞ்சி போச்சி” என்று போய்விட்டார்கள்.

பிப்ரவரி 14, சனி

எழுதுவதற்கு ஒன்றுமில்லை. சோறு நன்றாக வெந்திருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாசானம் மாமா அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறிக் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“கண்ணு கழுகுக் கண்ணுங்காரு டாக்டரு. அவருக்கு என்ன தெரியும்? செவப்பு செவப்பா தொங்குன துணி தெரியலன்னா அது என்ன கண்ணு?” என்றார். வருகிற வழியில் சந்தையில் தாமே ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் படி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு தடவை தடுக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தாழை ஓலை எடுத்து வரப் பின்கட்டுக்குப் போனேன். ஓலை முன்கட்டிலேயே இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

நான் கொண்டுவந்த காய்ச் சாக்கைப் பட்டறை மூலையில் வெயில் படுகிற இடத்தில் வைத்திருந்தேன். அது தப்பு.

காலை பதினோரு மணிக்குக் காய்கள் பட்பட்டென்று வெடித்தன. உள்ளே விதை, விதை நுனியில் வெள்ளைப் பட்டுக் குஞ்சம். மேலே மின்விசிறி. எழுதவும் வேண்டுமா? பட்டறை முழுக்கப் பஞ்சு பறந்தது. அரக்கு காயாத சொப்புப் பானைகளுக்கெல்லாம் தாடி முளைத்தது. அத்தையின் கொண்டையில் நாற்பது விதை.

“எவடி இத இங்க கொண்டாந்து வச்சா?” என்று கத்த வாயைத் திறந்தாள். வாயில் இரண்டு போயின.

சாயங்காலம் வரை விதை பொறுக்கினேன். அத்தை திட்டித் தீர்த்துவிட்டு, “எதுக்குட்டி இது?” என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். அத்தை கொண்டையிலிருந்து ஒரு விதையை எடுத்து என் கையில் போட்டாள். “சரி, ஃபேனப் போடாம பொறுக்கு” என்றாள்.

பிப்ரவரி 23, திங்கள்

அம்மாவின் எண்ணெய் நல்ல ஊதா நிறத்துக்கு வந்துவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் ஆச்சரியம்தான். பச்சை இலை, நிறமில்லாத எண்ணெய், சில நாள் வெயில், ஊதா.

“வெயிலுகந்தான் பொண்டாட்டிக்குக் கையெல்லாம் வெந்து தோலு உரியுதாம். சண்ட அவியளோடதான, கையோட இல்லல்ல. கொண்டுபோய்க் குடுத்துட்டு வா” என்றாள் அம்மா.

அண்ணாச்சி பொண்டாட்டி செண்பகவடிவு மதினி கிணற்றடியில் இருந்தாள். தெருமுனையில் பேசினால் பஸ் ஸ்டாப்பில் கேட்கும் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். இன்று தலையை மட்டும் ஆட்டினாள். பாட்டிலை நீட்டினேன். வாங்க வந்த கை இரண்டிலும் உள்ளங்கை சிவந்து வெடித்திருந்தது. நகத்து ஓரங்களில் இன்னும் வெள்ளை. கிணற்றுச் சுவர் ஓரத்தில் ஒரு தகர டின், அதன் விளிம்பிலும் வெள்ளை, காய்ந்துபோன தென்னை மட்டைப் பிரஷ்.

நான் டின்னைப் பார்த்தேன். நான் பார்த்ததை மதினி பார்த்தாள். எண்ணெயை வாங்கிக்கொண்டு, “அம்மாட்ட சொல்லு” என்றாள். எதைச் சொல்ல என்று தெரியவில்லை. வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

விதைகளை ஊன்றினேன். தொட்டிக்கு எங்கே போவது? வெடிப்பு விழுந்து ஒதுக்கின சொப்புகள் பின்கட்டில் இரண்டு சாக்கு கிடக்கிறது. குடம், பானை, ஆட்டுரல் எல்லாவற்றிலும் செம்மண் போட்டு ஆளுக்கு ஒரு விதை. இருநூற்றுப் பதினாலு சொப்பு. வெடிப்பு இருப்பதால் தண்ணீர் தானாக வடிகிறது. ஒதுக்கினதும் நல்லதுக்குத்தான்.

செங்கல் சூளைத் தரகர் ஒருவர் பொத்தைப் பக்கம் வந்து போகிறாராம். பதினோரு காட்டு மரத்தையும் ஒரே நாளில் இயந்திரம் விட்டு வேரோடு பிடுங்கி எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். வேரோடு போனால் துளிர்ப்பு கிடையாது. எட்டுக் காட்டை இன்னும் தொடவே இல்லை. மூவாயிரம் பெட்டிக்கு மரம் அங்கேதான் நிற்கிறது. அத்தை இரண்டு நாளாக யாரையும் திட்டவில்லை. பட்டறையே பயந்துபோயிருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் உட்கார்ந்து கடைசியாகப் பேசப் போகிறார்கள். அது முறிந்தால் தரகரிடம் அச்சாரம் வாங்கிவிடுவோம் என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாசானம் மாமா கோடாலியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். பட்டறையில் தூசி பெருக்குகிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு பெருக்குவதால் தூசி அங்கேயே இருக்கிறது. இப்போது பாடுவதில்லை.

யார் என்ன செய்தார்களோ. நான் என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன்.

மார்ச் 4, புதன்

மேலே கடைசியாக எழுதியிருக்கும் வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். பேனாவில் மை இல்லை.

மார்ச் 6, வெள்ளி

முளைத்துவிட்டது! ஒரு ஆட்டுரலில் முதலில். பிறகு பார்த்தால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. தலையில் விதைத் தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கின்றன. சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு.

அம்மாவிடம் காட்டினேன். “யாருக்கு இது?” என்றாள். “தாய்மரத்து விதை” என்றேன். “தாய்மரம்னு உனக்கு எப்பந் தெரியும்?” என்றாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 8, ஞாயிறு, காலை

பேச முடியாது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருப்பவளே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரி 9 அன்று எழுதினதைக் கொடுத்துவிட்டால் அவர்களே வாசித்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்தின் தொடக்கத்திலேயே அண்ணாச்சி மீசை இருக்கிறது. மேலே பாதி கிழித்தால் ஏதோ மறைத்தது மாதிரி ஆகிவிடும். மீசையோடுதான் கொடுக்கவேண்டும்.

அல்லது கொடுக்காமல் இருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு, மாலை

எழுத்து கோணலாகப் போகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

பொது இடம் வேண்டும் என்பதால் அங்கன்வாடியில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும், சாவி வாங்கியிருந்தார்கள். உள்ளே குழந்தை நாற்காலிகள்தான். வெயிலுகந்தான் அண்ணாச்சி ஒரு மஞ்சள் யானை நாற்காலியில் உட்கார்ந்தார், முழங்கால் மீசையைத் தொட்டது. அத்தை முயல் நாற்காலி. செண்பகவடிவு மதினி சுவரோரம் தரையில், முந்தானையில் கையை மூடிக்கொண்டு. அலமாரியில் எங்கள் பட்டறைச் சொப்புப் பெட்டி ஒன்று இருந்தது. எல்லோரும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

“ஏழு வருசம் தண்ணி ஊத்துனது நாங்க” என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. “ரெண்டு கோடையில குடிக்கத் தண்ணி இல்லாதப்பவும் ஊத்துனோம். ஒங்களுக்குத் தாய்மரமும் ஒண்ணுதான், வெறகும் ஒண்ணுதான். இனி எந்த நம்பிக்கைல எட்டுக் காட்ட உங்க கைல குடுக்க?”

மாசானம் மாமா எழுந்தார். சாக்கைப் பிரித்துக் கோடாலியை எடுத்து, பொம்மை மேசையில் வைத்தார்.

“தப்பு எங் கண்ணு மேல. பட்டறை மேல இல்ல. நான் இனி கோடாலியத் தொடமாட்டேன். வேற ஆள வச்சி வெட்டுங்க. மரத்த மட்டும் வேரோட பிடுங்கக் குடுத்துராதீய.”

கண்ணாடிக்குள் அவர் கண் மீன்தொட்டியில் இருக்கிற மாதிரி பெரிதாகத் தெரிந்தது.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நோட்டை விரித்து அண்ணாச்சி மடியில் வைத்தேன்.

“என்னம்மா இது?” நோட்டைக் கை நீட்டம் தள்ளிப் பிடித்தார். “கண்ணாடி வீட்டுல இருக்கே.”

மாமா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணாச்சி போட்டுப் பார்த்தார். “எல்லாம் கெணத்துக்குள்ள கெடக்க மாதிரி இருக்கு. இதப் போட்டுட்டா நடமாடுதீரு?” அத்தை நோட்டை வாங்கினாள். “என்ன எழுத்துட்டி இது, கோழி கிண்டுன மாதிரி?” மதினியிடம் நீட்டினாள். மதினி வாங்கவில்லை.

“எழுதுனவ முன்னால நிக்காளே” என்றார் அண்ணாச்சி. “நீயே வாசி.”

வயிற்றில் சுரீரென்று பிடித்தது. பழைய வலிதான். அடையாளம் தெரிந்தது.

“நிண்ணு வாசிம்மா. எல்லாருக்கும் கேக்கட்டும். மொத வரியிலேர்ந்து.”

வாசித்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது, என் குரல் மாதிரியே இல்லை. வெயிலுகந்தான் அண்ணாச்சியின் மீசை அவர் முகத்துக்கு ஒரு சுற்றுப் பெரிது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது.

பிறகு அண்ணாச்சியின் கடைசித் தம்பி ‘பொக்’கென்று சிரித்தார். அவ்வளவுதான், கூரை பிய்ந்தது. அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு, “வாசி, வாசி” என்றார். உதடு தெரியாததால் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

சிரிப்பு இருக்கும்போதே மீதியையும் வாசித்துவிட்டேன். ஒன்பது மரம். மாவாக ஒட்டியது. சுண்ணாம்பு. துணி இல்லை. வாசல் வரை போனது. திரும்பி வந்தது. வெள்ளை என்றால் வெள்ளைதானே.

அந்த இடத்துக்கு வரும்போது யாரும் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சே ஒரு மாசம் வாயத் தெறக்கலயா?” என்றாள் அத்தை மெதுவாக. அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை.

“நானுந்தான் தெறக்கல” என்றாள் செண்பகவடிவு மதினி. முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். “சுண்ணாம்பு அடிச்சது நாந்தான். துணி அம்புட்டையும் குரங்கு உருவிட்டுப் போயிட்டு. தாய்மரத்துல கரையான் வேற ஏறிருந்துது. வளையம் போடுததுக்கு மொத நாளு, ஞாயித்துக்கெழம, நாந்தான் மூணு காட்டுலயும் சுத்திச் சுத்தி அடிச்சேன். வளையமும் வெள்ளன்னு எனக்கு நெனப்பே வரல.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?” என்றார் அண்ணாச்சி.

“நீங்க மாசானம் அண்ணன் கண்ணப் பத்திப் பேசிக்கிட்டே இருந்திய. நடுவுல எங்க சொல்ல?”

மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பம் எங் கண்ணு நல்லாத்தான் இருக்கா?”

“கழுகுக் கண்ணு மாமா” என்றேன். அது நோட்டில் பார்க்காமல் சொன்னது.

அண்ணாச்சி யானை நாற்காலியில் நெளிந்தார். அப்புறம், “வெளங்குது. தப்பு இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு. ஆனா வெதைக்கு எங்க போவ?” என்றார்.

அம்மா இதற்காகவே காத்திருந்த மாதிரி வெளியே போய், முறத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கொண்டுவரவில்லை, அவளாகக் கொண்டுவந்திருக்கிறாள். முறம் நிறையச் சொப்பு, சொப்பு நிறைய நாற்று. “ஒங்க தாய்மரத்துக் காயிதான். இதுல நாப்பது, வீட்டுல இன்னும் நூறு நிக்கி. இவ அன்னிக்கே அள்ளிட்டு வந்துட்டா.”

அத்தை ஒரு பானையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “எம் பட்டறைப் பானை!”

“வெடிச்சதும்மா, ஒதுக்குனது” என்று நான்கு பேர் சேர்ந்து சொன்னார்கள்.

அண்ணாச்சி யானை நாற்காலியிலிருந்து எழுந்தார், நாற்காலியும் கூடவே எழுந்தது. தம்பிமார் பிடித்து இழுத்தார்கள். அவர் ஒரு ஆட்டுரலைக் கையில் வாங்கி, அதில் இருந்த இரண்டிலையை விரலால் தொட்டார். “மழைக்கு நடணும். அதுவரைக்கும் மதினியும் நீயுஞ் சேந்து பாத்துக்கிடுங்க” என்றார் என்னிடம். தரகரைப் பற்றி யாரும் பேசவில்லை. கோடாலியை எடுத்து மாமா தோளில் அவரே சாய்த்து வைத்தார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் நிறச் சண்டை. தாய்மரத்துக்கு இனி என்ன குறி? சிவப்பு வேண்டாம், குரங்குக்குப் பிடிக்கிறது. மஞ்சள் வேண்டாம், காய்ந்த இலை மாதிரி இருக்கும். கறுப்பு என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் அவரை அடிக்கப் போனார்கள். கடைசியில் மதினி தன் கையைப் பார்த்துவிட்டு, “ஊதா” என்றாள். தோலில் எண்ணெய் காய்ந்து இலேசாக ஊதாவாக இருந்தது. அதை யாரும் எதிர்க்கவில்லை.

“குறிய யாரு போட?” என்றாள் அத்தை.

“இவதான்” என்றார் அண்ணாச்சி. “ஆனா ஒண்ணு. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், கதவத் தட்டி, தாய்மரம் எதுன்னு வாய் தெறந்து கேட்டு, அவங்களக் கூட்டிட்டுப் போய்ப் போடணும். எட்டு வீடு. தலையாட்டுனா செல்லாது.”

இதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

கிளம்பும்போது அண்ணாச்சி கேட்டார். “நல்லாத்தான வாசிக்க. எத்தனாவது வரைக்கும் படிச்ச?”

“ஒம்பது.”

“ஏன் நிப்பாட்டுன?”

“வயித்து வலி.”

“இப்பம் எப்பிடி இருக்கு?”

யோசித்துப் பார்த்தேன். பசிதான் எடுத்தது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று முதல் வீடு. கதவைத் தட்டினேன். “யாரு?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

“முப்பிடாதி.”

“யாரு?”

“முப்பிடாதி.”

“யாருன்னு கேக்கேன்ல!”

“முப்பிடாதி! பட்டறைலேர்ந்து வாரேன்! ஒங்க தாய்மரம் எதுன்னு காட்டணும்!”

கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். “எதுக்குத்தா இந்தக் கத்து கத்துத? ஊரே எந்திரிச்சிரும்.” பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு தாய்மரத்துக்கும் ஒரு கதை சொன்னார். இது மருமகள் நட்டது, இது இடி விழுந்து பிழைத்தது. ஊதா வளையம் போடப் பத்து நிமிடம், கதை கேட்க ஒன்றரை மணி நேரம். நடுவில் இரண்டு கேள்வி கேட்டேன். தேவையே இல்லாத கேள்வி.

மார்ச் 12, வியாழன்

இன்று இரண்டு வீடு. ஐந்து பாக்கி. மாசானம் மாமா பொத்தை அடிவாரத்தில் பாடுகிறார். சகிக்கவில்லை. கண்ணாடியைப் பட்டறைப் பூனைக்குப் போட்டுப் பார்த்தார், அது கழற்றிவிட்டது.

வெட்டின காட்டு வழியாக வந்தேன். சாய்த்து வெட்டின அடிக்கட்டைகளில் பட்டை ஓரமாகச் சிவப்புச் சிவப்பாக மொட்டு. தாய்மரத்துக் கட்டைகளிலும்தான். குனிந்து ஒன்பதையும் எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இந்தப் பக்கத்தோடு நோட்டு தீர்ந்தது. அட்டையின் உள்பக்கத்தில் எழுதுகிறேன். புதுநோட்டு அத்தையிடம்தான் கேட்கவேண்டும், மோட்டார் ஓடும்போது கேட்டால் அவள் காதில் விழாது.

நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்பேன்.